நூறு கோடிப் பயிற்சியாளரும் ஆறாயிரம் இருக்கை மைதானமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இரண்டே ஆண்டில் நூறு கோடி: அமெரிக்கப் பயிற்சியாளருக்கு அடித்தது அதிர்ஷ்டம்’ என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். அந்தப் பயிற்சியாளர், அதாவது இண்டியானாப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கர்ட் சிக்னெட்டி, வேலை பார்க்கும் ஊரில்தான் நான் குடியிருக்கிறேன். இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டன். எங்கள் ஊர்ப் பெயர் தமிழ் நாளிதழில் வருவதே அபூர்வம். வந்த அன்றும் முழுதாகச் சந்தோஷப்பட விடாமல் செய்துவிட்டீர்கள். செய்திக்குப் பக்கத்தில், உருண்டைப் பந்தை ஒருவர் காலால் உதைக்கும் படம் போட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்து இரு பக்கமும் கூம்பியிருக்கும், பெரும்பாலும் கையில்தான் இருக்கும். படம் போகட்டும். ‘இரண்டே ஆண்டில்’ என்றும் ‘கோப்பை வென்றதற்குப் பரிசாக’ என்றும் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டையும் விட்டுவிட மனம் வரவில்லை.

கோப்பை வென்றபோது சிக்னெட்டிக்கு வயது 64. 2026 ஜனவரி 19 அன்று, தேசியக் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், மயாமிப் பல்கலைக்கழக அணியை, அது தன் சொந்த மைதானமாகப் பயன்படுத்தும் அரங்கிலேயே, 27-21 என்று இண்டியானாப் பல்கலைக்கழகம் வென்றது. அந்தப் பருவத்தில் ஆடியது 16, வென்றது 16. பெரிய கல்லூரி அணிகளில் இதற்கு முன் 16-0 என்று முடித்த அணி யேல்; அது 1894-இல். இதே இண்டியானா 2023-இல் ஆடிய பன்னிரண்டில் ஒன்பதைத் தோற்றிருந்தது. இந்த இரண்டு வரியை மட்டும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும்.

அவர் பயிற்சியாளர் தொழிலுக்கு வந்தது 1983-இல். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராகச் சேர்ந்து, அதன் பேரில் அணிக்கு எடுபிடி வேலை பார்ப்பது. எதிரணியின் ஆட்டப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்கே நின்றார்கள் என்று அட்டையில் வரைந்து கொடுப்பதுதான் அந்த வேலையில் முக்கால் பங்கு. அங்கிருந்து டேவிட்சன், ரைஸ், டெம்பிள், மீண்டும் பிட்ஸ்பர்க், பிறகு நார்த் கரோலினா ஸ்டேட். எல்லா இடத்திலும் உதவிப் பயிற்சியாளர். பந்தை எறிபவர்களையோ பிடிப்பவர்களையோ பழக்குவார், பள்ளிப் பையன்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். ஃபிலிப் ரிவர்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் நார்த் கரோலினாவில் ஆடிய காலத்தில் அவருடைய நேர்ப் பயிற்சியாளர் சிக்னெட்டிதான். ஆனாலும் ஊர் உலகத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தலைமைப் பயிற்சியாளர் போனால் உதவியாளர்களும் மூட்டை கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். 2006 முடிவில் நார்த் கரோலினாவில் அதுதான் நடந்தது.

மூட்டை கட்டுவது அவருக்குப் புதிதும் இல்லை. தகப்பனார் ஃபிராங்க் சிக்னெட்டியும் பயிற்சியாளர். புகழ்பெற்ற பாபி பவுடன் ஃபுளோரிடாவுக்குப் போனபின், 1976-இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நான்கு பருவங்களில் 17 வெற்றி, 27 தோல்வி. 1979 முடிந்ததும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களிலேயே அரிய வகைப் புற்றுநோய் ஒன்றும் வந்து, பிழைப்பாரா என்ற நிலைமை. மகன் கர்ட் அதே அணியில் அப்போதுதான் ஆட்டக்காரராகச் சேர்ந்திருந்தார். அப்பாவின் நாற்காலியில் டான் நேலன் வந்து உட்கார்ந்தார். மகன் வேறு கல்லூரிக்குப் போகவில்லை. புதியவரின் கீழ் 1982 வரை ஆடி முடித்தார். அதுவும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், தன் தகப்பனை அனுப்பிவிட்ட இடத்துக்கே தினமும் காலையில் பயிற்சிக்குப் போயிருக்கிறான். இன்று மைதான ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஐம்பது புள்ளி முன்னிலை இருந்தாலும் சிரிக்காமல் நிற்கும் அந்த முகத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரிவதில்லை.

தகப்பனார் நோயிலிருந்து மீண்டு, பென்சில்வேனியாவில் ஒரு சிறு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பெயர் இண்டியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா. எங்கள் இண்டியானாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பென்சில்வேனியாவில் இண்டியானா என்று ஒரு சுரங்கத் தொழில் ஊர் இருக்கிறது; நடிகர் ஜிம்மி ஸ்டூவர்ட் பிறந்த ஊர். பெரியவர் அங்கே 1986 முதல் 2005 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து 182 ஆட்டங்களில் வென்றார். தோற்றது 50 மட்டும். பெரிய இடம் வேண்டாம் என்று தள்ளியவரைச் சிறிய இடம் கொண்டாடியது. அங்குள்ள ஆடுகளத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

மேற்கு வர்ஜீனியாவில் அந்தப் பெரியவரிடம் 1978-லும் 79-லும் உதவியாளராக இருந்த இளைஞர் ஒருவர் உண்டு. பெயர் நிக் சேபன். இவர் பெயரை உங்கள் விளையாட்டு நிருபர் கேள்விப்பட்டிருப்பார். லூயிசியானாவில் ஒன்று, அலபாமாவில் ஆறு என்று ஏழு தேசியக் கோப்பை வாங்கியவர். மயாமியின் தொழில்முறை அணியில் இருந்தபோது, 2006 டிசம்பரில், ‘நான் அலபாமாவின் பயிற்சியாளர் ஆகப் போவதில்லை’ என்று செய்தியாளர்கள் முன்னால் சொன்னார். அடுத்த மாதம் 3-ஆம் தேதி அலபாமாவில் பதவி ஏற்றுக்கொண்டார். பயிற்சியாளர்கள் டிசம்பரில் சொல்வதை நம்பக்கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன கையோடு பழைய முதலாளியின் மகனைக் கூட்டிக்கொண்டார். சிக்னெட்டிக்குப் பந்து பிடிப்பவர்களைப் பழக்கும் வேலை. அத்துடன் ஆள் சேர்ப்புக்கு ஒருங்கிணைப்பாளர்.

ஆள் சேர்ப்பு என்றால் இங்கே அது தனி உலகம். பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்காக ஐந்தாறு பல்கலைக்கழகங்கள் வீடு தேடி வரும். பையனின் தாயாரிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேச வேண்டும், போட்டதைச் சாப்பிட வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சிரித்த முகத்துடன் எழுந்து வர வேண்டும். அலபாமாவில் முதல் வருடம் சேபனுக்கே ஏழு வெற்றி, ஆறு தோல்வி. லூயிசியானா-மன்றோ என்ற சின்னக் கல்லூரியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். பிறகு ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இங்க்ராம் போன்ற பையன்கள் வந்தார்கள். 2009-இல் பதினான்குக்குப் பதினான்கு வென்று கோப்பை வாங்கினார்கள். ஒரு அணியை எப்படி நிர்வாகம் செய்வது என்பதைச் சேபனிடம்தான் கற்றேன் என்று சிக்னெட்டி பலமுறை சொல்லியிருக்கிறார்.

தங்கள் செய்தியில் இல்லாமல் போன முக்கியமான விஷயம் இதற்கு அடுத்தது. 2011 ஜனவரி. அலபாமா மைதானத்தை அப்போதுதான் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும்படி விரிவாக்கியிருந்தார்கள். சம்பளம் நன்றாக வந்துகொண்டிருந்தது. சேபனின் கீழே பொறுத்திருந்தால் வேலைக்கு ஆபத்தே கிடையாது. சிக்னெட்டி அதை விட்டுவிட்டு, 49 வயதில், சம்பளத்தைப் பெரிதாகக் குறைத்துக்கொண்டு, தகப்பனார் இருந்த அந்தப் பென்சில்வேனியாச் சிறு கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். இருக்கைகள் ஆறாயிரத்துச் சொச்சம். கல்லூரி விளையாட்டில் இரண்டாம் பிரிவு, அதாவது சிறிய கல்லூரிகளின் அடுக்கு. பெரிய கல்லூரியில் அன்றைய கணக்கில் 85 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம்; இரண்டாம் பிரிவில் அதிகபட்சம் 36 பேருக்கான தொகை. அதைத்தான் துண்டு துண்டாக நறுக்கி அணி முழுவதற்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குச் சாப்பாட்டுச் செலவு, இன்னொருவனுக்குப் பாதிக் கட்டணம் என்று.

ஏன் போனார்? இந்தத் தொழிலில் தலைமைப் பதவி பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்களுக்குத்தான் கிடைக்கும். தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர். ஆட்டத்தின் நடுவில் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான் என்பதால் தேர்வுக் குழுக்களின் கண்ணும் அவர்கள் மேல்தான் இருக்கும். அதே அலபாமாவில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த கெர்பி ஸ்மார்ட் அங்கேயே காத்திருந்தார்; 2015 முடிவில் ஜார்ஜியாப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போய் இரண்டு தேசியக் கோப்பை வாங்கினார். பந்து பிடிப்பவர்களைப் பழக்குபவரை, அதுவும் ஐம்பதைத் தொடுகிறவரை, யாரும் கூப்பிடப் போவதில்லை. மேலே போக வழியில்லை என்று தெரிந்தபிறகு கீழே இறங்கினார். இப்போது எல்லோரும் இதைத் தீர்க்கதரிசனம் என்கிறார்கள். அன்றைக்கு அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்றுதான் நான் யோசிப்பேன். மூன்று பிள்ளைகள் இருந்த வீடு. இறங்கிப் போய்த் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர்; அவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

அங்கே ஆறு பருவங்களில் 53 வெற்றி, 17 தோல்வி. 2017-இல் நார்த் கரோலினாவில் உள்ள ஈலான் பல்கலைக்கழகம். அது இரண்டாம் பிரிவுக்கு ஒரு படி மேல். அங்கே 14-9. அடுத்தது வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன், ஐந்து பருவங்களில் 52-9. இதில் ஒரு வேடிக்கை: 2018-இல் ஜேம்ஸ் மேடிசனை அதன் சொந்த மண்ணில் ஈலான் தோற்கடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தோற்றவர்களே வந்து வென்றவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் அந்தக் கல்லூரி முதல் பிரிவின் மேல் தட்டுக்கு ஏறியது. ஏறிய மறுவருடமே பன்னிரண்டில் பதினொன்றை வென்றார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் அவரைத் தேடிப் போனது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே வந்தது ஜெரி டினார்டோ என்பவர் பயிற்சியாளராக இருந்த காலம். அவருக்குப் பின் டெரி ஹெப்னர் வந்தார். ‘பதின்மூன்றாவது ஆட்டம் ஆடுவோம்’ என்பது அவர் கொடுத்த முழக்கம். அதாவது பருவம் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் கூடுதல் ஆட்டத்துக்குத் தகுதி பெறுவது. இரண்டு பருவம்தான் இருந்தார். 2007 ஜூனில் மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வருடமே பில் லிஞ்சின் தலைமையில் அணி பதின்மூன்றாவது ஆட்டம் ஆடியது. ஹெப்னர் கொண்டுவந்து வைத்த சுண்ணாம்புப் பாறை இன்னும் மைதானத்தில் இருக்கிறது. வீரர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் களத்துக்குள் ஓடுவார்கள். பிறகு கெவின் வில்சன், அவருக்குப் பின் டாம் ஆலன். ஆலன் 2020-இல் எட்டில் ஆறு வென்று எல்லோரையும் ஆசைப்பட வைத்தார். அடுத்த மூன்று வருடங்களில் இரண்டு, நான்கு, மூன்று வெற்றிகள்.

இது கூடைப்பந்து ஊர். ஐந்து தேசியக் கோப்பை கூடைப்பந்தில். கால்பந்து என்றால் பெரிய கல்லூரிகளிலேயே அதிகமாகத் தோற்ற அணி என்ற பெயர்தான் இருந்தது. என் மகளின் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்கு நிதி திரட்டுவதற்காக, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் பெற்றோர்களெல்லாம் மைதானத்தில் உள்ள தின்பண்டக் கடையில் நின்று விற்போம். எனக்குப் பெரும்பாலும் பாப்கார்ன் இயந்திரம். எதிரே புல்வெளியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் காலையிலிருந்தே அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பாட்டுப் போட்டுக் கொண்டாடுவார்கள். ஆட்டம் தொடங்கும், உள்ளே வர மாட்டார்கள். வந்தவர்களும் இடைவேளையில் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது கால் பகுதியிலேயே இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவோம். எண்ணெய்ப் பிசுக்கு சூடாக இருக்கும்போது துடைத்தால்தான் போகும். ஒஹையோவிலிருந்து வந்த ரசிகர்கள்தான் எங்களுக்கு நல்ல வியாபாரம். எங்கள் மைதானத்தில் அவர்கள் கூட்டம் எங்களைவிட அதிகமாக இருந்த நாட்களும் உண்டு.

2023 டிசம்பரில், வந்து சில வாரமே ஆன சிக்னெட்டியிடம், இந்த அணிக்கு எதை நம்பிப் பையன்கள் வருவார்கள் என்பது போல ஒரு கேள்வி கேட்டார்கள். ‘நான் ஜெயிக்கிறவன். கூகுளில் தேடிப் பாருங்கள்’ என்றார். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தோம். திமிர் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்களைக் கையோடு அழைத்து வந்தார். இப்போது மாணவர்கள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்பதால் இது முடிந்தது. பென்சில்வேனியா நாட்களிலேயே தன்னிடம் வேலை பார்த்த பிரையன்ட் ஹெய்ன்ஸும் மைக் ஷனஹனும் ஒருங்கிணைப்பாளர்களாக வந்தார்கள். வளர்ந்து வருவான் என்று எதிர்பார்க்கப்படும் பையனைவிட, சின்ன இடத்திலாவது ஏற்கெனவே ஆடிக் காட்டியவனே மேல் என்பது அவர் கட்சி. தன்னைப் போன்றவர்களையே தேடுகிறார் என்று எனக்குப் படுகிறது. 2024-இல் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றார்கள். புல்வெளிக் கூட்டம் உள்ளே வர ஆரம்பித்தது.

இனி அந்த நூறு கோடிக்கு வருகிறேன். அது கோப்பைக்குக் கொடுத்த பரிசு என்கிறீர்கள். கோப்பை ஜனவரியில் வந்தது; ஒப்பந்தம் போட்டது அதற்கு முந்தைய அக்டோபரில், பருவம் பாதிகூட முடியாத நேரம். என்ன அவசரம்? அக்டோபர் 12 அன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வேலையிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய நாள்தான் சிக்னெட்டியின் அணி ஓரிகானை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தியிருந்தது. சிக்னெட்டி பென்சில்வேனியாக்காரர். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஊரே பேசியது. அதே வாரத்தில் இண்டியானா எட்டு வருடத்துக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 1 கோடியே 16 லட்சம் டாலர் (நீங்கள் சொன்ன நூறு கோடி ரூபாய் அதுதான்) என்று எழுதிக் கொடுத்தது. தோட்டத்தில் பழம் பழுக்கும் முன்பே போட்ட வேலி அது. அவர் வந்தபோது சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் அளவில் இருந்தது.

இவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்டால், எனக்கும் நெருடல்தான். மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகம் அது. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் ஆளுநருடையதாக இருக்காது. ஏதாவதொரு பயிற்சியாளருடையதாகத்தான் இருக்கும். தோற்றாலும் பணம்தான். டாம் ஆலனை அனுப்புவதற்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-இல் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். ஆடுகிற பையன்களோ 2021 வரை தங்கள் சொந்தப் பெயரை வைத்து ஒரு சட்டை விற்றுக்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. பல்கலைக்கழகம் நேரடியாக அவர்களுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கியதே 2025 ஜூலையில்தான். அதுவும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள். இதையெல்லாம் கேள்வி கேட்டு எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதியதால் கேள்வியும் போயிற்று, பதிலும் போயிற்று.

போகிற விதத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. லேன் கிஃபின், இவரும் சேபனிடம் வேலை பார்த்தவர், மிசிசிப்பியின் ஓல் மிஸ் அணியைப் பதினொரு வெற்றிவரை கொண்டுவந்து, தேசியக் கோப்பைக்கான சுற்று தொடங்கும் முன் 2025 நவம்பர் 30-இல் லூயிசியானாவுக்குப் போய்விட்டார். அந்தப் பையன்கள் அவர் இல்லாமலே அரையிறுதிவரை போனார்கள். சிக்னெட்டியும் ஒன்றும் துறவி இல்லை. 2023-இல் ஜேம்ஸ் மேடிசன் பையன்கள் ஆடவேண்டிய கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி இருக்கும்போதுதான் எங்களிடம் வந்தார். எங்களுக்கு லாபம் என்பதால் இந்த ஊரில் அதை யாரும் பேச மாட்டார்கள்.

ஜனவரி 1-ஆம் தேதி ஆட்டத்தைப் பற்றித் தங்கள் செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. எனக்குக் கோப்பை ஆட்டத்தைவிட அதுதான் பெரிது. கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் அரங்கு, கோப்பைச் சுற்றின் காலிறுதி. எதிரணி அலபாமா. அதாவது சிக்னெட்டி 2011-இல் விட்டுவிட்டு வந்த அதே வீடு. சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபின் அங்கே வந்தவர் கேலன் டிபோயர். இவர் கதையைக் கேளுங்கள். தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளராகத் தொடங்கியவர். ஐந்து வருடத்தில் மூன்று முறை சிறு கல்லூரிகளின் கோப்பையை வாங்கியவர். பிறகு படிப்படியாக ஏறி வரும் வழியில், 2019-இல், எங்கள் இண்டியானாவில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்கிறார். ஆக, அலபாமாவில் வேலை பார்த்தவர் இண்டியானாவின் ஓரத்தில், இண்டியானாவில் வேலை பார்த்தவர் அலபாமாவின் ஓரத்தில். இருவருமே சின்ன மைதானங்களில் பழகி வந்தவர்கள். இரண்டு அணிக்கும் கருஞ்சிவப்புச் சட்டைதான். பென்சில்வேனியாவிலும் அதே நிறம் என்பதால் மனிதருக்கு அலமாரியை மாற்றும் செலவு மிச்சம். எண்ணிக்கை 38-3, இண்டியானா பக்கம். என் கணவர் தொலைக்காட்சியின் மூலையில் எண்கள் இடம் மாறி வந்துவிட்டனவோ என்று எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்.

இறுதி ஆட்டத்தில் ஒரு தருணத்தை மட்டும் சொல்கிறேன். பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சி என்பது விதி. நான்காவது முயற்சி, எளிதாகப் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். எல்லாப் பயிற்சியாளரும் அதைத்தான் செய்வார்கள். முதலில் உதைப்பவரைத்தான் அனுப்பினார் சிக்னெட்டி. பிறகு ஓய்வு கேட்டு நிறுத்தி, அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, வழக்கமாகப் பந்தை எறிபவரான ஃபெர்னாண்டோ மெண்டோசாவையே பந்தை எடுத்து ஓடச் சொன்னார். மெண்டோசா மயாமியில் வளர்ந்த பையன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெரிய கல்லூரிகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாதவன். கலிபோர்னியா வழியாக எங்களிடம் வந்து, அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவன். பன்னிரண்டு கஜம். இரண்டு பேர் மேலே விழுந்து, சுழன்று, பந்தோடு கையை நீட்டியபடி கோட்டைத் தாண்டி விழுந்தான். மைதான ஓரத்தில் அந்த முகம் அப்போதும் சிரிக்கவில்லை.

தகப்பனார் இதைப் பார்க்கவில்லை. 2022 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

தங்கள் விளையாட்டுப் பகுதிக்கு ஒரு யோசனை. சிக்னெட்டி விட்டுப்போன ஜேம்ஸ் மேடிசன் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் பாப் செஸ்னி. மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் தொடங்கியவர். 2025-இல் தேசியக் கோப்பைக்கான சுற்றுவரை அந்த அணியைக் கொண்டுபோனார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. காலியான இடத்துக்கு வந்திருப்பவர் பில்லி நேப்பியர். ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் நீக்கியவர். அலபாமாவில் சேபனிடம் பந்து பிடிப்பவர்களைப் பழக்கியவர், அதாவது சிக்னெட்டி பார்த்த அதே வேலை. பெரிய இடத்திலிருந்து இறங்கி அதே சின்ன ஊருக்கு வந்திருக்கிறார். பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அவர் எண்களை வாரா வாரம் போடுங்கள். படிக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவில்பட்டியைச் சொந்த ஊராகக் கொண்டவள்,
புளூமிங்டன், இண்டியானா